ஏர்வாடி மட்டும்தான் ஞாபகம் இருக்கா?

குன்னம், அரியலூர்னு எங்க பக்கத்துல யாருக்காவது புத்தி பேதலிச்சுப் போச்சுன்னா முதல்ல அடிபடுற பேர் குணசீலம். காவிரி வடகரையில இருக்கற பெருமாள் கோயில். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், அங்கேயே தங்கணும்பாங்க. கோயிலோட தலபுராணம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த 48 நாள் எப்படிப் போச்சு, கூட வந்த அம்மா எங்க படுத்தாங்க, யார் சமைச்சாங்க, ஊர் திரும்பினதும் என்ன ஆச்சு? இதை எழுதி வச்சவங்க யாரு?

இதைக் கேட்டாலே ஒரு பதில் ரெடியா வரும்: "ஏர்வாடியில என்ன நடந்துச்சுன்னு தெரியும்ல?"

தெரியும். 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலை. தர்காவைச் சுத்தி தனியார் நடத்திட்டு இருந்த காப்பகங்கள்ல ஒண்ணு. கீத்துக் கொட்டகை தீப்பிடிச்சுது. சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. 28 பேர் செத்துப் போனாங்க. அதை மறக்கவே கூடாது. ஆனா அந்தத் தீயோட சேர்த்து இன்னொரு விஷயத்தையும் நாம எரிச்சுட்டோம்னு நினைக்கிறேன். மனநோயாளியைப் பத்துப் பேரோட சேர்த்து வாழ வைக்கறதே ஒரு வைத்தியம்ங்கற யோசனையைத்தான் சொல்றேன்.

அடுத்த வருஷமே, 2002ல, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை வந்துச்சு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் அவரோட குழுவும் எழுதினது. நம்ம தமிழ்நாட்டுல வேலாயுதம்பாளையம்புதூர்ங்கற கிராமத்துல இருக்கற முத்துசாமி கோயில். அங்க வந்து தங்கின 31 பேரைக் கவனிச்சிருக்காங்க. பெரும்பாலும் தீவிர மனநோய். சராசரியா ஆறு வாரம் தங்கல். காலையில சின்னதா ஒரு பூஜை, அப்புறம் கோயிலைப் பெருக்கறது, செடிக்குத் தண்ணி ஊத்தறதுன்னு லேசான வேலைங்க. மருந்து எதுவும் கொடுக்கல. கிளம்பும்போது நோயோட அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. 31 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்ல. அதனால ரொம்பத் துள்ள வேண்டாம். ஆனா அவங்க சாமி மகிமைன்னு முடிக்கல. பயமுறுத்தாத, அரவணைக்கற இடம்தான் வேலை செஞ்சிருக்கும்னு சொன்னாங்க.

"அப்போ மூடநம்பிக்கைக்கு வக்காலத்தா?"ன்னு சண்டைக்கு வராதீங்க மக்களே. ஆஸ்பத்திரிக்காரங்களே இதைச் செஞ்சிருக்காங்க. 1950கள்ல அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில வித்யா சாகர்ங்கற மருத்துவர் வளாகத்துக்குள்ள கூடாரம் போட்டு நோயாளியோட குடும்பத்தையும் தங்க வச்சார். 1957ல நம்ம வேலூர் சி.எம்.சி.யோட மனநல மையம் பாகாயத்துல ஆரம்பமாச்சு. ஃப்ளாரன்ஸ் நிக்கோல்ஸ்னு ஒரு டாக்டரம்மா முன்னால நின்னாங்க. சொந்தக்காரங்க கூடவே தங்கிப் பார்த்துக்கணும்ங்கறது அங்க ஏற்பாடு. நோயைப் பத்தி வீட்டுக்காரங்களும் கத்துக்கிட்டுத்தான் ஊருக்குப் போவாங்க. 'கொண்டு வந்து விட்டுட்டுப் போயிடறது'க்கு அங்க வழியில்ல.

வெள்ளைக்காரன் ஊர்ல இதே மாதிரி யோசனைக்கு 'சிகிச்சைச் சமூகம்'னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சாங்க. போர்ல மனசு உடைஞ்ச சிப்பாய்ங்க இருந்த நார்த்ஃபீல்ட் ஆஸ்பத்திரி அனுபவத்தை வச்சு டாம் மெயின் 1946ல எழுதினார். மாக்ஸ்வெல் ஜோன்ஸ் அதை வளர்த்தார். டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லாரும் ஒண்ணா உக்காந்து தினசரி விவகாரத்தைப் பேசி முடிவெடுப்பாங்க. அவர் நடத்தின இடம்தான் பின்னால ஹெண்டர்சன் ஆஸ்பத்திரி ஆச்சு. 2008ல மூடிட்டாங்க. ஆனா அங்க இந்த மாதிரி இடங்களோட காகிதங்களைச் சேர்த்து வைக்க தனிக் காப்பகமே வச்சாங்க, வேலை பார்த்தவங்க, தங்கினவங்க குரலைப் பதிவு பண்ணாங்க. இடம் போனாலும் யோசனை தங்குச்சு.

நம்மகிட்ட என்ன தங்கியிருக்கு? இங்கிலீஷ் ஆராய்ச்சிக் கட்டுரை நாலு. தமிழ்ல? வாய்ப்பேச்சு. அதுவும் அந்தக் காலத்து ஆளுங்களோடயே போயிடும்.

2017 மனநலச் சட்டம் சங்கிலியால கட்டறதை எந்த வகையிலயும் கூடாதுன்னு தடை பண்ணிடுச்சு. நல்லது. சமூகத்துல வாழற உரிமையும் அதே சட்டத்துல இருக்கு. சரி, சமூகத்துல எப்படி வாழ வைக்கறது? அதுக்கான பாடம் பாகாயத்துலயும் இருக்கு, கோயில் பிரகாரத்துலயும் இருக்கு, ஏர்வாடியில 'எப்படிச் செய்யக் கூடாது'ங்கற பாடமாவும் இருக்கு. மூணையும் சேர்த்துப் படிச்சாத்தான் பிரயோஜனம். நல்லதை மட்டும் எழுதினா அது விளம்பரம். தீயை மட்டும் எழுதினா, அடுத்த தலைமுறைக்கு 'பூட்டி வை'ங்கறது மட்டும்தான் வழியாத் தெரியும்.

அதனால பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல, தெருவுல இப்படி ஒரு இடத்துல போய்த் தங்கினவங்களோ, துணைக்குப் போனவங்களோ இருந்தா உக்காந்து கேளுங்க. கதவு பூட்டினாங்களா? அடிச்சாங்களா? மருந்து நிறுத்தினாங்களா? என்ன வேலை கொடுத்தாங்க? எது நல்லா இருந்துச்சு? அவங்க சொன்னதை அவங்க பேச்சுலயே எழுதுங்க.

பி.கு.: அவங்க சம்மதம் இல்லாம ஒரு வரி கூட வேணாம். சம்மதிச்சாலும் பேரையும் தெருவையும் மாத்திடுங்க. அவங்க அதே ஊர்லதான் இன்னும் இருக்காங்க.