பில்லில் இல்லாத 480 ரூபாய்!

சகோதரிகளே, நான் ஏமாந்த கதை இது. நீங்கள் யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சென்ற கோடையில் எங்கள் வீட்டு பிரிட்ஜ் உயிரை விட்டது. மாமியாருக்குத் தினமும் இன்சுலின் ஊசி. மருந்தைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? ரவிக்கை தைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கடைக்குப் போய், 24,000 ரூபாய்க்கு ஒரு பிரிட்ஜைப் பேசி முடித்தேன்.

கார்டை நீட்டியதும் கல்லாவில் இருந்த பையன், ''அம்மா, கார்டு தேய்ச்சா 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா. பேங்க்ல எங்ககிட்ட பிடிச்சுக்கிறாங்க,'' என்றான். என்னிடம் இருப்பதோ பட்டன் போன். வண்டியில் பிரிட்ஜை ஏற்றியாகி விட்டது. வாயை மூடிக் கொண்டு 24,480 ரூபாய் கொடுத்து விட்டு வந்தேன். அந்த 480 ரூபாய், மூன்று ரவிக்கை தைத்த கூலி.

எதிர் வீட்டு அண்ணா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும், ''ஏம்மா, உன்னோடது ரூபே டெபிட் கார்டு. 2020 ஜனவரியிலிருந்து அதுக்குக் கடைக்காரர்கிட்ட பேங்க் ஒரு பைசா வாங்கறதில்லையே!'' என்றார். மற்ற டெபிட் கார்டுகளுக்கும் அதிகபட்சம் 0.90 சதவீதம்தான் என்று 2018 முதல் வரம்பு இருக்கிறதாம். அதன்படி பார்த்தாலும் 24,000 ரூபாய்க்கு 216 ரூபாய்க்கு மேல் போகாது. அதையும் கடைக்காரர்தான் ஏற்க வேண்டும். வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. அப்படி வசூலிக்கும் கடையோடு வங்கி தொடர்பையே முறித்துக் கொள்ள வேண்டும் என்று 2013லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

மறுநாளே கடைக்குப் போனேன். பில்லில் 24,000, கார்டு சீட்டில் 24,480. இரண்டையும் மேஜையில் வைத்து, ''தம்பி, இந்த 480 ரூபாய் எதுக்குன்னு பில்லுல எழுதிக் கொடுங்க,'' என்றேன். முதலாளி ஒன்றும் பேசவில்லை. கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். கேட்ட எனக்குக் கிடைத்தது. கேட்காதவர்கள் எத்தனை பேரோ?

கிரெடிட் கார்டு விஷயம் கொஞ்சம் வேறு. அதற்கு வங்கி பிடித்துக் கொள்வது உண்மை. ரிசர்வ் வங்கி உச்சவரம்பும் வைக்கவில்லை. ஆனால், வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிப்பதை, கடைக்காரர் வங்கியோடு போடும் ஒப்பந்தம் பொதுவாக அனுமதிப்பதில்லை. கடை வாடகையையும் கரண்ட் பில்லையும் தனியாகவா நம்மிடம் கேட்கிறார்கள்? வியாபாரச் செலவில் இதுவும் ஒன்றுதானே! சின்னக் கடைக்காரர்களுக்குப் பிடித்தம் பாரமாக இருந்தால், அதைக் குறைக்கச் சொல்லி வங்கியோடு மல்லுக்கு நிற்கட்டும். நம் முந்தானை முடிச்சில் கை வைக்க வேண்டாம்.

ஒப்பந்தம் என்பது கடைக்கும் வங்கிக்கும் நடுவே இருக்கும் காகிதம். அதை நாம் பார்த்தோமா, படித்தோமா? இங்கிலாந்தில் 2018 ஜனவரியில் இதற்குச் சட்டமே போட்டு, தனிநபர் கார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கத் தடை விதித்து விட்டார்கள். நம் அரசும் கிரெடிட் கார்டையும் சேர்த்துத் தெளிவாக ஒரு சட்டம் போட வேண்டும். 'கார்டுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை' என்று ஒவ்வொரு கல்லாவிலும் தமிழில் போர்டு தொங்க வேண்டும்.

அதுவரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். விலை பேசும்போதே, 'கார்டு என்றாலும் இதே விலைதானே?' என்று கேட்டு விடுங்கள். கூடுதலாகக் கேட்டால், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பில்லையும் கார்டு சீட்டையும் பத்திரமாக வையுங்கள். அந்த மெஷினைக் கொடுத்த வங்கியின் பெயர் பெரும்பாலும் சீட்டிலேயே இருக்கும். அந்த வங்கிக்குப் புகார் எழுதுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்ணும் இருக்கிறது.

கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் பேரம் பேசும் நாம், 480 ரூபாய்க்கு வாய் திறக்கக் கூடாதா?

- ஒரு வாசகி, ஈக்காட்டுத்தாங்கல், சென்னை.