கதவு எண் தீர்ந்துபோன இணையம்

வெளியூரில் இருந்தபடி வீட்டு சிசிடிவி கேமராவை நேரடியாக மொபைலில் பார்க்க வேண்டுமா? பிராட்பேண்ட் கொடுத்தவரைக் கேட்டால், “அதுக்கு ஸ்டாட்டிக் ஐபி வாங்கணும் சார், மாசாமாசம் தனி சார்ஜ்” என்று பதில் வரும். ஏதோ ஒரு வலைதளத்துக்குள் நுழைந்தால், “நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்” என்று பேருந்துப் படங்களையும் சிக்னல் படங்களையும் காட்டி மறுபடி மறுபடி சோதிக்கும். எந்தத் தப்பும் செய்யாதவரிடம், “உங்கள் முகவரிக்கு அனுமதி இல்லை” என்று இன்னொரு தளம் கதவைச் சாத்தும்.

இந்த மூன்று தொல்லைகளுக்கும் பல நேரங்களில் ஒரே காரணம்தான். இணையத்தில் கதவு எண்கள் தீர்ந்துவிட்டன. இன்று நேற்றல்ல, 2011-லேயே மையக் கையிருப்பு காலி. அதற்குப் பிறகும் இணையம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படி ஓடுகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், பிராட்பேண்ட்காரரிடம் அடுத்த முறை சரியான கேள்வியைக் கேட்கலாம்.

429 கோடி போதாதா?

தபால்காரருக்குக் கதவு எண் எப்படியோ, இணையத்துக்கு ஐபி முகவரி அப்படி. நீங்கள் ஒரு வீடியோவைத் தட்டினால், அந்த வீடியோ எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று சொல்வது அந்த எண்தான். 203.0.113.25 என்பதுபோல, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள். இந்த முறைக்குப் பெயர் ஐபி வெர்ஷன் 4. சுருக்கமாக ஐபிவி4.

இணையத்தின் தந்தைகளில் ஒருவர் என்று போற்றப்படும் விண்ட் செர்ஃப், 1970-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் இந்தத் திட்டத்தை நடத்தியவர். முகவரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். கடைசியில், ‘32 பிட் போதும்’ என்று முடித்துவைத்தவர் அவர்தான். அது ஒரு பரிசோதனை என்றே அப்போது நினைத்ததாகவும், அந்தப் பரிசோதனை முடியாமலேயே உலகம் முழுக்கப் பரவிவிட்டதாகவும் பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு கணினிகள் நின்ற காலம் அது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கணினி இருக்கும் என்று யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

முன்னால் வந்தவருக்குப் பந்தி

எண்ணிக்கை குறைவு என்பது பாதிப் பிரச்னை. பங்கு போட்ட விதம் மீதிப் பிரச்னை. ஆரம்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு ஒரு முழுத் தொகுதி, அதாவது 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். ஆப்பிள் நிறுவனத்துக்கு ஒரு தொகுதி. கார் தயாரிக்கும் ஃபோர்டுக்கு ஒன்று. ஒரு கணினி தன்னோடு தானே பேசிச் சோதித்துக்கொள்வதற்காக மட்டும் 127 என்று தொடங்கும் ஒரு முழுத் தொகுதி ஒதுக்கப்பட்டது. ‘எதிர்காலத்துக்கு’ என்று 26 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை மூட்டை கட்டி வைத்தார்கள். அந்த மூட்டை இன்றுவரை பிரிக்கப்படவில்லை.

இந்தப் பந்திக்கு இந்தியா தாமதமாக வந்தது. அமெரிக்காவிடம் 150 கோடிக்கும் மேற்பட்ட ஐபிவி4 முகவரிகள் இருக்கின்றன. 140 கோடி மக்கள் உள்ள இந்தியாவுக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 4 கோடி. ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததைப்போல இரண்டரை மடங்குகூட இல்லை.

2011 பிப்ரவரி 3 அன்று, மையக் கையிருப்பில் மிச்சமிருந்த கடைசி ஐந்து தொகுதிகளையும் உலகின் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துக் கையை விரித்தார்கள். ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஏப்நிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரல் 15-ல் ரேஷன் முறைக்கு மாறியது. புதிதாகக் கேட்டு வரும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள். 2019-ல் அதுவும் பாதியாகி 512 ஆனது.

உங்கள் ஊர் கேபிள் டிவிக்காரர் புதிதாக பிராட்பேண்ட் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 512 எண்கள். கனெக்‌ஷன் கேட்டு நிற்பவர்களோ ஐயாயிரம் பேர். அவர் என்ன செய்வார்?

ஒரு வாசல், நூறு குடித்தனம்

பழைய ஸ்டோர் வீடுகளில் செய்ததைத்தான் அவரும் செய்வார். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே வரிசையாகக் குடித்தனங்கள். கடிதம் வாசல் வரை வரும். அது யாருக்கு என்று பார்த்து உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் இருப்பார். இணையத்தில் அந்த ஆளுக்குப் பெயர் ‘நாட்’. உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டர் இந்த வேலையைத்தான் செய்கிறது. வீட்டிலுள்ள டிவி, மொபைல், லேப்டாப் எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, வெளியுலகுக்கு ஒரே எண்ணைக் காட்டும்.

ஒரு வீட்டுக்குள் இது நடப்பதில் தப்பில்லை. பற்றாக்குறை முற்றியதும், இதையே நிறுவனங்கள் ஊர் அளவில் செய்யத் தொடங்கின. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் அடைக்கப்பட்டன. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் அவர் வீட்டை நேரடியாகத் தேடி வர முடியாது. அதனால்தான் கேமராவுக்குத் தனி ஐபி, தனிக் கட்டணம். அது வேண்டாம் என்றால், உங்கள் வரவேற்பறையின் காட்சி கேமரா நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் மொபைலுக்கு வரும். உங்கள் வீட்டை நீங்கள் பார்க்க, நடுவில் மூன்றாம் நபர் ஒருவர்.

அந்த வாசலில் குடியிருக்கும் ஒருவர் வலைதளத்தில் அட்டகாசம் செய்தால், தளம் அந்த முகவரியைத் தடை செய்யும். உடனே நூறு வீடுகளுக்கும் சேர்த்துக் கதவடைப்பு. ரோபோ சோதனை அடிக்கடி வருவதும் இதனால்தான். ஒரே எண்ணிலிருந்து ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் வந்தால், இயந்திரத்துக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

இதைவிடக் கனமான பிரச்னையும் உண்டு. ஒரு மோசடி நடந்தால், போலீஸ் கையில் கிடைக்கும் முதல் தடயம் பெரும்பாலும் ஐபி முகவரிதான். அந்த எண்ணுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தால் குற்றவாளி தப்பலாம். சம்பந்தமே இல்லாதவர் விசாரணை வளையத்துக்குள் வரலாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 அக்டோபரில் இதை வெளிப்படையாகச் சொன்னது. ஒரே எண்ணைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையைக் கைவிட வேண்டும் என்று சேவை நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டது.

எண்ணுக்கும் சந்தை

தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். ஏற்கெனவே திவாலாகியிருந்த கனடாவின் நார்டெல் நிறுவனத்திடமிருந்த 6,66,624 முகவரிகளை 2011-ல் மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஓர் எண் சுமார் 11 டாலர். அதன்பின் விலை பல மடங்கு ஏறி, பிறகு சற்று இறங்கியிருக்கிறது. எம்ஐடி 2017-ல் தன் பங்கில் ஒரு பகுதியை விற்றது. ஒரு காலத்தில் இலவசமாக வந்த எண்கள்! அமேசானின் கிளவுட் சேவை 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. வருடத்துக்கு ஓர் எண்ணுக்குச் சுமார் 44 டாலர். ஒரு சின்ன ஸ்டார்ட்-அப் நடத்துபவருக்கு இது வாடகைக்கு மேல் வாடகை.

மருந்து எப்போதோ தயார்

இது தீராத நோயல்ல. ஐபிவி6 என்ற புதிய முறை 1995 டிசம்பரிலேயே எழுதி வெளியிடப்பட்டுவிட்டது. (நடுவில் 5 எங்கே என்கிறீர்களா? அந்த எண்ணை ஏற்கெனவே வேறொரு சோதனை முறைக்குக் கொடுத்திருந்தார்கள்.) 32 பிட்டுக்குப் பதில் 128 பிட். மொத்த முகவரிகளை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் மிகச் சிறிய பங்கே, பழைய இணையத்தின் மொத்த முகவரிகளைப்போல 429 கோடி மடங்கு. வீட்டிலுள்ள ஒவ்வொரு பல்புக்கும் தனிக் கதவு எண் கொடுத்தாலும் தீராது.

பிறகு ஏன் 30 ஆண்டுகளாகியும் வேலை முடியவில்லை? சென்னைத் தொலைபேசி எண்கள் ஏழு இலக்கமாக இருந்தபோது, முன்னால் ஒரு 2 சேர்த்து எட்டாக்கினார்கள். மாற்ற வேண்டியது எக்ஸ்சேஞ்ச். உத்தரவு போட ஒரு துறை இருந்தது. இணையத்துக்கு அப்படி ஒரு முதலாளி கிடையாது. 1983 ஜனவரி 1 அன்று, இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை ஒரே நாளில் புதிய முறைக்கு மாற்ற முடிந்தது. அப்போது அதில் இருந்தவை சில நூறு கணினிகள். இன்று கோடிக்கணக்கான கருவிகள், ஆயிரக்கணக்கான நிறுவனங்கள், இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும். அதோடு, பழைய முறையும் புதிய முறையும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. இரண்டுக்கும் மொழி வேறு.

அதனால் மாற்றம் சென்னை வீட்டு வாசல்களில் இருக்கும் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ பலகைபோலத்தான் நடக்கிறது. கொஞ்ச காலத்துக்கு இரண்டும் இருக்கும். பழையதை வைத்து வருகிறவரும் வந்து சேர்வார், புதியதை வைத்து வருகிறவரும் வந்து சேர்வார். ஆனால், இரண்டாவது பலகைக்கு முதலில் காசு செலவழிப்பது யார்? “எல்லாரும் பழைய வாசல் வழியாக வருகிறார்களே, எனக்கென்ன அவசரம்?” என்று வலைதளக்காரர் கேட்பார். “தளங்கள் மாறட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சேவை நிறுவனம் சொல்லும். ‘முதலில் நீ போ’ என்பதிலேயே பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

பின்தங்கியவர் முந்திய கதை

இந்த இடத்தில் இந்தியா ஓர் ஆச்சரியம். தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையிலேயே ஐபிவி6-க்கான வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டது. ஆனாலும் வேகம் பிடித்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு. புதிதாகக் கட்டிய 4ஜி நெட்வொர்க், கோடிக்கணக்கில் வாடிக்கையாளர்கள், கையில் பழைய எண்கள் குறைவு. எனவே ஆரம்பத்திலேயே ஐபிவி6-ல் இறங்கினார்கள். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2016 தொடக்கத்தில் உலகப் பட்டியலில் பெயர் தெரியாத இடத்தில் இருந்த இந்தியா, இன்று முன்வரிசையில் நிற்கிறது. கூகுள் போன்ற நிறுவனங்களின் அளவீடுகளில் உலக சராசரி ஏறக்குறைய பாதி. இந்தியாவில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு ஐபிவி6. பந்தியில் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பசி அதிகம், அதனால் புதுச் சமையலறையை அவர் முதலில் கட்டிக்கொண்டார்.

குறை இருப்பது மொபைலைவிட வீட்டு பிராட்பேண்டில். சிறிய சேவை நிறுவனங்கள் பல இன்னும் பழைய வாசலிலேயே குடித்தனம் நடத்துகின்றன. பல வீடுகளில் இருக்கும் பழைய ரவுட்டரிலும் ஐபிவி6 அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கோளாறு கருவியில் இருக்காது. ஒரு பட்டனில் இருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் மொபைலில் செட்டிங்ஸ் போய், ‘அபவுட் போன்’ பகுதியில் ஐபி முகவரியைப் பாருங்கள். சில போன்களில் அதற்குள் ‘ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் இருக்கும். புள்ளி வைத்த நான்கு எண்கள் மட்டும் இருந்தால் பழைய முறை. எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து, நடுநடுவே ‘:’ குறியுடன் நீளமாக ஒரு முகவரி 2 என்று தொடங்கினால், உங்களுக்கு ஐபிவி6 வந்துவிட்டது. மொபைல் டேட்டாவில் ஒரு முறை, வீட்டு வைஃபையில் ஒரு முறை பாருங்கள். வைஃபையில் இல்லையென்றால் பிராட்பேண்ட்காரரிடம், “ஐபிவி6 கொடுக்கிறீங்களா?” என்று கேளுங்கள். ‘ஸ்டாட்டிக் ஐபி’க்குப் பணம் கட்டும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. புதிய ரவுட்டர், புதிய கேமரா வாங்கும்போதும் அட்டைப்பெட்டியில் ஐபிவி6 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

‘ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுவார்களே?’ என்ற பயம் நியாயமானது. கதவு எண் இருப்பதால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பூட்டு, ரவுட்டரில் இருக்கும் ‘ஃபயர்வால்’. அதை அணைக்காதீர்கள், கேமராவின் பாஸ்வேர்டையும் கடையில் கொடுத்தபடியே விட்டுவைக்காதீர்கள். தனி எண்ணை வைத்து விளம்பர நிறுவனங்கள் பின்தொடரக் கூடாது என்பதற்காக, இன்றைய போன்கள் வெளியே போகும்போது காட்டும் முகவரியை அவ்வப்போது தாமாகவே மாற்றிக்கொள்கின்றன.

பழைய வாசலில் நெருக்கடி இருக்கும்வரை அதற்கு வாடகை வாங்குபவர்களும் இருப்பார்கள். வீட்டுக்குச் சொந்தமாக ஒரு கதவு எண் என்பது இன்று சலுகை இல்லை. கேட்டால் கொடுக்கக்கூடியது, காசில்லாமல் கொடுக்க வேண்டியது. கேட்பவர்கள் அதிகமானால், கொடுக்காதவர்களும் கொடுக்கத் தொடங்குவார்கள்.