‘துல்லியமாக அளந்தது’ என்று எழுதாதீர்கள்

நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை அனுப்பினார். துருவக் கடல்பனி பற்றியது. நல்ல நடை. வெண்மை, மௌனம், மரணம் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரி: ‘செயற்கைக்கோள் ரேடார்கள் பனியின் தடிமனைத் துல்லியமாக அளந்துவிட்டன.’ அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்பவன் நான். எங்கள் பாஷையில் காலிபரேஷன். ‘துல்லியம்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கை அரிக்கும்.

எங்களிடம் வருகிற கருவிகளில் ஒன்று அல்ட்ராசோனிக் திக்னஸ் கேஜ். தொட்டியின் வெளிப்பக்கம் மட்டும்தான் கைக்கு எட்டும் என்றால் இதை ஒட்டவைத்துச் சுவரின் கனம் பார்ப்போம். உண்மையில் அது கனத்தை அளப்பதில்லை. ஒலி உள்ளே போய் மறுபக்கம் பட்டுத் திரும்புகிற நேரத்தை அளக்கிறது. வேகத்தை நாம்தான் சொல்ல வேண்டும். ஸ்டீல் என்றால் நொடிக்கு 5,900 மீட்டர் வாக்கில். வார்ப்பிரும்பில் ஒலி மெதுவாகப் போகும், 4,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீலுக்கு வைத்த வேகத்தை மாற்ற மறந்துவிட்டு 10 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பை அளந்தால் 12.83 என்று காட்டும். இரண்டு தசம இடத்தோடு, கொஞ்சமும் கூச்சப்படாமல். புதிதாக வந்த ஐ.டி.ஐ. பையன் ‘அண்ணே, மெஷினே சொல்லுதுண்ணே’ என்பான். ‘நீ என்ன சொல்லி வெச்சியோ அதைத்தான்டா அது திருப்பிச் சொல்லுது’ என்பேன்.

துருவத்திலும் இதே கதைதான். 2013 பிப்ரவரி 25 மாலை ஆறு மணி வாக்கில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஒன்று கிளம்பியது. அதில் போனது சரல், இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த செயற்கைக்கோள். அதற்குள் இருந்த ஆல்டிகா என்ற ரேடார் முக்கியமாகக் கடல்மட்டம் பார்க்கப் போனது, கடல்பனியையும் பார்த்தது. எதைப் பார்த்தது? தண்ணீருக்கு மேலே பனி எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதை மட்டும். கட்டியின் கனத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும், மீதி தண்ணீருக்குள். ஆகவே வெளியே தெரிவதை எடுத்து, அடர்த்திகளைப் போட்டு, ஏறக்குறைய பத்தால் பெருக்குகிறார்கள். பெருக்கும்போது பிழையும் பெருகும். உயரத்தில் 3 சென்டிமீட்டர் தவறினால் தடிமனில் 30 சென்டிமீட்டர். முதல் ஆண்டுப் பனியே ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் இருக்கும் என்பதை வைத்துப் பாருங்கள்.

இதில் வெண்பனி வேறு. (தமிழில் விடியற்காலைப் புல்லில் இருப்பதும் பனி, ஐஸ்கட்டியும் பனி, வானத்திலிருந்து விழும் பொடியும் பனி. இங்கே கட்டியைப் பனிக்கட்டி என்றும், அதன்மேல் விழுந்து கிடக்கும் பொடியை வெண்பனி என்றும் சொல்கிறேன்.) வெண்பனி தன் எடையால் கட்டியைக் கீழே அழுத்தும். ரேடார் அலையை மெதுவாக்கும். ஆல்டிகாவின் அலை வெண்பனியின் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே திரும்பிவிடும். 2010-இல் ஐரோப்பியர் அனுப்பிய கிரையோசாட்-2 வேறு அலைவரிசை. அது வெண்பனியைத் தாண்டிக் கட்டியின் மேல்தளம் வரை போய்த் திரும்புவதாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘எடுத்துக்கொள்கிறார்கள்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெண்பனி ஈரமாக இருந்தாலோ உப்பேறி இருந்தாலோ அலை அவ்வளவு தூரம் போகாது. அண்டார்டிகாவில் சில இடங்களில் வெண்பனியின் பாரத்தால் கட்டியின் மேல்தளமே கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். அங்கே பத்தால் பெருக்க என்ன இருக்கிறது?

சரி, கப்பலிலேயே போய் அளந்துவிடலாமே என்பீர்கள். கப்பலின் மேல்தளத்தில் சுற்றுகிற ரேடாருக்குப் பனியின் விளிம்பும் மேடும் தெரியும், தடிமன் தெரியாது. கட்டிக்குள் சிக்கிய உப்புநீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். அதனால் கப்பலின் மூக்கிலிருந்து நீளக் கம்பத்தில் ஒரு மின்காந்தத் தூண்டல் கருவியைத் தொங்கவிடுகிறார்கள். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், பனிக்கட்டி அநேகமாகக் கடத்தாது. கருவிக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம் இதிலிருந்து கிடைக்கும். பனியின் மேற்பரப்பு வரை உள்ள தூரத்தை லேசர் சொல்லும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வெண்பனியும் கட்டியும் சேர்ந்த கனம் வந்துவிடும். கட்டிகள் மோதி எழும்பிய முகடுகளில் இதுவும் சறுக்கும். அகலமான பரப்பின் சராசரியைத்தான் தரும், முகட்டை நிஜத்தைவிட ஒல்லியாகக் காட்டும்.

எனக்குப் பிடித்தது கடைசி முறை. மணிக்கொரு தடவை ஓர் ஆள் கப்பலின் மேல்தளத்தில் நின்று, கப்பல் உடைத்துப் பக்கவாட்டில் புரட்டிப் போடுகிற பனித்துண்டுகளைப் பார்க்கிறார். அளவு தெரிந்த ஒரு குச்சியோ பந்தோ பக்கத்தில் தொங்கும். அதோடு ஒப்பிட்டுத் தடிமனைக் குறித்துக்கொள்கிறார். குளிரில் கண்ணால் பார்த்து எழுதிய அந்தக் குறிப்புகளை, 1980 முதல் 2005 வரையிலான பயணங்களிலிருந்து திரட்டித்தான் அண்டார்டிகக் கடல்பனியின் சராசரித் தடிமன் 0.87 மீட்டர் என்றார்கள். கூடவே விலக்கத்தையும் போட்டார்கள்: 0.91 மீட்டர். சராசரியைவிட விலக்கம் பெரிது! நம் ஆட்கள் இதை எடுத்து எழுதினால் 0.87 மட்டும் வரும், 0.91 தொலைந்துபோகும். அறிவியல் கட்டுரை என்ற பெயரில் தமிழில் நடப்பது பெரும்பாலும் இந்தத் தொலைப்புதான்.

இதைச் சொன்னதும் நண்பருக்குக் கோபம். ‘இப்படி ஓட்டை ஓட்டையா காட்டினா பருவநிலை மாற்றமே பொய்னு சொல்றவனுக்குத்தானே லாபம்?’ தலைகீழாகச் சொல்கிறார். துல்லியம், துல்லியம் என்று நீங்கள் ஊதி வைத்த பலூனில்தான் அவன் ஊசி குத்துகிறான். பிழையைச் சேர்த்தே சொல்லியிருந்தால் அவனுக்குக் குத்த என்ன மிச்சம்? ஆர்க்டிக் பனி மெலிகிறது என்பதற்கு ஒற்றைக் கருவி சாட்சியில்லை. நீர்மூழ்கிக் கப்பல்கள் பனிக்கு அடியிலிருந்து சோனார் வைத்து மேல்நோக்கிப் பார்த்தன. அங்கிருந்து தெரிவது பத்தில் ஒன்பது பங்கு, அதனால் பெருக்க வேண்டியதே அநேகமாக இல்லை. 1958 முதல் 1976 வரை எடுத்த அளவுகளை 1990-களின் அளவுகளோடு ஒப்பிட்டு 1999-இல் வெளியிட்டார்கள். கோடை முடிவில் நீருக்குள் இருக்கும் பகுதி சராசரியாக 1.3 மீட்டர் குறைந்திருந்தது. கீழிருந்து பார்த்தவனும் மேலிருந்து பார்த்தவனும் வெவ்வேறு விதமாகத் தவறு செய்யக்கூடியவர்கள். இருவரும் ஒரே திசையில் கை காட்டும்போதுதான் நான் நம்புகிறேன்.

‘ஆவடிக்காரனுக்கும் பூந்தமல்லிக்காரனுக்கும் இதெல்லாம் எதுக்கு?’ என்பது அடுத்த கேள்வி. மழைக்காலத்தில் பேப்பரைத் திறந்தால் செம்பரம்பாக்கம் ஏரி இத்தனை அடி என்று இருக்கும். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அடிக்கோல் காட்டுவது நீரின் மேல்மட்டத்தை. அந்த மட்டத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்பது ஓர் அட்டவணையிலிருந்து வருகிறது. அந்த அட்டவணை ஏரியின் தரையை எப்போதோ அளந்து போட்டது. வண்டல் சேரச் சேரத் தரை உயரும், அடிக்கோலுக்கு அது தெரியாது. மேலே தெரிவதை வைத்துக் கீழே இருப்பதைக் கணக்குப் போடுகிற அதே வேலை. 2015 டிசம்பர் 1 அன்று இந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டலால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, ஏரி நிர்வாகத்தையும் தண்ணீர் திறந்த விதத்தையும் குறை சொன்னது. நான் சொல்வது, அந்த இரவில் முடிவெடுத்தவர் கையில் இருந்தது மட்டம், வரத்து, கொள்ளளவு என்ற எண்கள்தான் என்பது. அவற்றில் எது அளந்தது, எது பெருக்கிப் போட்டது என்று கேட்கிற பழக்கம் ஊரில் நாலு பேருக்காவது இருக்க வேண்டாமா? 2019 கோடையில் அதே ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. டேப் பிடித்து அளக்க அதைவிட வசதியான நேரம் வராது. நாங்கள் பைக்கில் போய்ப் பார்த்தோம். எல்லோரும் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

நண்பர் விடவில்லை. ‘அப்ப அந்த வரியை எப்படித்தான் எழுதச் சொல்ற?’

எழுதிக் காட்டினேன்: ‘பனி நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதை ரேடார் பார்க்கிறது. வெண்பனி இவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து தடிமனைக் கணக்கிடுகிறார்கள். கணக்கு முப்பது சென்டிமீட்டர்கூடத் தவறலாம்.’

படித்துவிட்டு, ‘கவித்துவமே போச்சேப்பா’ என்றார்.