கேள்வி கேளாத விருந்தாளி



புனித ஆரோக்கியநாதரின் சுரூபத்தருகே வாயில் அப்பத்துடன் ஒரு நாய் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கொள்ளைநோயுற்று, எவரும் அண்டாமல் காட்டில் ஒதுங்கிக் கிடந்த அவருக்கு அந்த நாயே நாள்தோறும் உணவு கொண்டுவந்தது என்பது மரபு. மனிதர் அஞ்சி விலகிய இடத்திற்கு நாய் சென்றது. நம் காலத்திலோ, மருத்துவமனைகள் பலவும் கதவைத் திறந்து நாயை வரவேற்கின்றன.

எலேன் ஸ்மித் என்னும் அமெரிக்கச் செவிலியர் இங்கிலாந்தில் பணியாற்றியபோது, ஆன்மகுரு ஒருவர் தம் நாயுடன் நோயாளரைச் சந்திக்க வருவதைக் கண்டார். 'கோல்டன் ரிட்ரீவர்' எனும் சாந்தமான இனத்தைச் சேர்ந்த நாய் அது. அதன் வருகையால் நோயாளர் எவ்வளவு மகிழ்ந்தனர் என்பதைக் கவனித்த அவர், தாயகம் திரும்பி, நோயாளரைச் சந்திப்பதற்கென்றே நாய்களைப் பழக்கும் அமைப்பொன்றை 1976-இல் நியூ ஜெர்சியில் நிறுவினார்.

அதற்கும் முன்னரே, நியூயார்க்கைச் சேர்ந்த உளவியல் வல்லுநர் போரிஸ் லெவின்சன் இதனை நேரில் கண்டிருந்தார். எவரோடும் ஒட்டாத சிறுவன் ஒருவனை அவன் தாய், குறித்த நேரத்திற்கு முன்பே அவரிடம் அழைத்துவந்துவிட்டார். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் ஓடிச்சென்று அவனை நக்கியது. சிறுவன் அஞ்சவில்லை; அதை அணைத்துக்கொண்டான். நாயோடு விளையாடுவதற்காகவே மீண்டும் வந்தவன், நாளடைவில் லெவின்சனோடும் பழகத் தொடங்கினான். 1962-இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இதைப் படித்துவிட்டு, வீட்டு நாயை வார்டுக்குள் அழைத்துச் செல்லலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இப்பணிக்குரிய நாய், கால்நடை மருத்துவரின் சோதனையும் தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். குளிப்பாட்டி, நகம் வெட்டியிருக்க வேண்டும். சக்கர நாற்காலியைக் கண்டோ, திடீர் ஓசையைக் கேட்டோ மிரளலாகாது. அதைப் பழக்கியவர் எப்போதும் உடனிருப்பார். தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். நாயின் உரோமம் ஒவ்வாதவர், நாயை விரும்பாதவர், நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குன்றியவர் ஆகியோரிடம் அது செல்வதில்லை. மருந்தின் இடத்தை அது பிடிப்பதுமில்லை.

பின் அது செய்வதுதான் என்ன? கட்டிலருகே வருகிறது. தலையை மெத்தைமேல் வைக்கிறது. தடவிக்கொடுக்கும் கைக்கு இசைந்து நிற்கிறது. அவ்வளவே.

எங்கள் பங்கில் நெடுநாள் படுக்கையிலிருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: "சாமி, வருகிறவர்கள் எல்லாரும் டாக்டர் என்ன சொன்னார் என்றே கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது." அன்று நானும் அதே கேள்வியோடுதான் உள்ளே நுழைந்திருந்தேன். வெட்கத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். அவர் தம் பிறந்த ஊர்க் கிணற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

இம்மாதம் உங்கள் தெருவில் நோயுற்றிருப்போர் ஒருவரையேனும் சென்று காணுங்கள். "இன்னாருக்கும் இதே நோய்தான், மூன்றே மாதத்தில் போய்விட்டார்" என்பது போன்ற செய்திகளை வாசலிலேயே விட்டுச் செல்லுங்கள். அறிவுரையும் வேண்டாம். அருகில் அமருங்கள், அவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாயால் இயலுவது நம்மால் இயலாதா?