கிழக்குக்குக் கிடைத்தது என்ன?

2025 மார்ச் 24 அன்று பிரிட்டிஷ் சர்க்கார் இலங்கையைச் சேர்ந்த நான்கு பேர்மீது தடை போட்டது. மூவர் சிங்களத் தரைப்படையையும் கடற்படையையும் நடத்திய தளபதிகள். நான்காமவர் யார்? விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்த கருணா, அதாவது விநாயகமூர்த்தி முரளிதரன்! எந்தப் பட்டாளத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினாரோ, அந்தப் பட்டாளத் தலைவர்களோடு ஒரே பட்டியலில் இடம் பிடித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவருடைய பழைய துணைவர் பிள்ளையான், 2006இல் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கடத்தப்பட்ட வழக்கில் கைதானார்.

“எங்கோ கடலுக்கு அப்பால் நடந்த கோஷ்டிச் சண்டை, ஒரகடத்துத் தொழிலாளிக்கு இதில் என்ன?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கட்டும். 1986 மே மாதம் டெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் புலிகளால் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் அதே துப்பாக்கி கோடம்பாக்கத்துக்கு வந்தது. பத்மநாபாவும் அவர் தோழர்களும் வீழ்ந்தனர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூருக்கே வந்தது. நம் ஷிப்டு பஸ்கள் ஓடுகிற வட்டாரம் அல்லவா அது? மாற்றுக் கருத்துக்குக் குண்டே பதில் என்று ஆரம்பித்தவர்கள், கடல் குறுக்கே இருக்கிறது என்று நிறுத்திக்கொள்ளவில்லை.

கருணா விஷயத்துக்கு வருவோம். மட்டக்களப்புப் பகுதியில் கிரான் என்ற ஊரில் 1966இல் பிறந்தவர். 1983இல் இயக்கத்தில் சேர்ந்தார். வன்னிப் போர்க்களங்களுக்குக் கிழக்கிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞரை அழைத்துச் சென்றவர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் பேச்சுவார்த்தை மேசையிலும் உட்கார்ந்தவர். 2004 மார்ச்சில் பிரிந்தார். அவர் சொன்ன காரணம்: கிழக்கிலிருந்து மேலும் ஆயிரம் பேரை வடக்கே அனுப்பச் சொல்கிறார்கள், சாவதற்கு நாங்கள், இயக்கத்தின் துறைகளுக்குத் தலைமை தாங்க மட்டும் வடக்கத்தியாரா?

இந்தக் கேள்வி பொய்யா? பொய் அல்ல என்பதே நம் கருத்து. யாழ்ப்பாணத்தார் தம்மைக் கீழாக நினைக்கிறார்கள் என்ற மனக்குறை மட்டக்களப்பில் கருணாவுக்கு வெகு முன்பே இருந்தது. கேட்டவர் யோக்கியரா என்பது வேறு. கேள்வி நியாயமா என்பது வேறு. “துரோகி” என்ற ஒரே சொல்லைப் போட்டு இரண்டையும் சேர்த்து மூடிவிட்டார்கள். ஒரு தொழிற்சங்கத்திலே வெளியூர்த் தொழிலாளி எழுந்து, “கமிட்டியில் எங்களுக்கு ஏன் இடமில்லை?” என்று கேட்டால், “நீ முதலாளியின் ஆள்” என்று சொல்லி உட்கார வைப்பது மாதிரி. அப்படி உட்கார வைக்கப்பட்டவன் மறுநாள் எங்கே போவான் என்பது நம் தோழர்களுக்குத் தெரியாததல்ல!

கருணாவும் கொழும்புக்குத்தான் போனார். 2004 ஏப்ரலில், புனித வெள்ளியை ஒட்டி, புலிகள் வெருகல் ஆற்றைக் கடந்து தாக்கினர். நேற்றுவரை ஒரே சட்டியில் சோறு தின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். சில நாட்களில் கருணா தம் படையைக் கலைத்துவிட்டுத் தப்பினார். “வீட்டுக்குப் போங்கள்” என்று அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் பதினெட்டு நிரம்பாத சிறுவர் சிறுமியர். தாய்மார் கட்டிப் பிடித்து அழுது தீர்க்குமுன் புலிகள் மறுபடியும் வந்து கேட்டார்கள். பின்னர் கருணா கோஷ்டியும் வந்து கேட்டது. சர்க்கார் படையினர் சிலரே இந்தக் கடத்தலுக்கு உடந்தை என்று, ஐ.நா. சார்பில் போன ஆலன் ராக் 2006 நவம்பரில் அம்பலப்படுத்தினார். ஒரே வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு “விடுதலை”க்காரர்கள் போட்டி!

கொழும்பு ஆட்சியாளருக்கு வேறென்ன வேண்டும்? 2007 ஜூலையில் கிழக்கு முழுவதும் ராணுவத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கருணா லண்டனில் பிடிபட்டபோது, கையில் வேறு பெயரில் ராஜதந்திர பாஸ்போர்ட்! சாதாரணத் தமிழன் ஊர்விட்டு ஊர் போகச் சோதனைச் சாவடியில் கைகட்டி நின்ற காலம் அது. ஒன்பது மாதச் சிறைத் தண்டனை, திரும்பியதும் எம்.பி.; 2009 மார்ச்சில் மந்திரி. முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், அவர் ஏற்ற இலாகாவின் பெயர் தேசிய நல்லிணக்கமாம்!

பிள்ளையானோ 2008 மேயில் கிழக்கு மாகாண முதலமைச்சர் ஆனார். அதற்குள் அவர்கள் இருவருக்குள்ளும் பிளவு வந்து, கோஷ்டிக்குள் கோஷ்டியாகிவிட்டது. 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு தேவாலயத்துக்குள்ளேயே எம்.பி. ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பிள்ளையான் 2015இல் கைதானார். 2021 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் வழக்கைத் தொடரப் போவதில்லை என்றதும் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்படியானால் கொன்றவர் யார்? அதைக் கண்டுபிடிக்க எந்த மந்திரிக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அவர் சிறையிலிருந்தபடியே 2020 ஆகஸ்டில் போட்டியிட்டபோது மட்டக்களப்பில் 54,198 விருப்பு வாக்குகள் விழுந்தன. அத்தனை பேரும் கொலைக்குக் கை தூக்கியவர்களா? ரோடும் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் கேட்டவர்கள். யாழ்ப்பாணத் தலைமை எட்டிப் பார்க்கவில்லை என்று கோபப்பட்டவர்கள். 2004இல் வெருகல் கரையில் சுட்டு முடித்துவிட்டதாக எண்ணிய கேள்வி, பதினாறு ஆண்டு கழித்து ஓட்டுச் சீட்டில் வந்து நின்றது. பிள்ளையான் முதலமைச்சராக இருந்த மாகாண சபைக்கோ 2017இல் ஆயுள் முடிந்தது. அதற்குப் பின் வருஷக்கணக்கில் தேர்தலே வைக்கவில்லை.