ஆள்குறைப்பை யார் சொல்வது?

மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. வேலை எப்போது போகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. கைக்கு என்ன வரும் என்பது தெரியவில்லை. 2022 மே மாத இறுதியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொகை முடிவாக அந்த ஆண்டு செப்டம்பர் ஆயிற்று. ஆலையை மூடுவது நிர்வாகத்தின் கணக்கு, அதற்குள் நான் போகவில்லை. தேதியைச் சொன்ன அன்றே தொகைக்கான பேச்சை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிப்போம் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு அந்த ஓராண்டு சாதாரணமானதல்ல.

நம் சங்ககிரி, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் நிலைமை இன்னும் கடினம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டப்படி, 300 பேருக்குக் குறைவாக உள்ள ஆலை ஆள்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. முன்பு இந்த வரம்பு 100. நம் நூற்பாலைகளும் லாரி பாடி கட்டும் பட்டறைகளும் பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழேதான். அதிகாரி முன்னால் முதலாளி காரணம் சொல்லும் கட்டம் இங்கே இல்லை. தொழிலாளிக்கு நேராகச் சொல்வது மட்டும்தான் மிச்சம். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குக் காரணத்தை எழுத்தில் காட்டி ஒரு மாத நோட்டீஸ், அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதைத் தவிர்க்க ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் வேலையை எச்.ஆர். தோழர்கள் செய்யக் கூடாது. இதை வேண்டுகோளாக அல்ல, கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

அறிவிப்பதற்கு முன் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆட்கள் முதலில் போய்க் கேட்பது அவரிடம்தான். அவர் விழித்தால் கேண்டீன் பேச்சே செய்தியாகிவிடும். பி.எஃப்., கிராஜுவிட்டி, நிலுவைச் சம்பளம், இ.எஸ்.ஐ. எதுவரை செல்லும் என்பதை ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுங்கள். காண்ட்ராக்ட் ஆட்களையும் அதே கூட்டத்துக்கு அழையுங்கள். மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் வாயால் அவர்கள் அறியக் கூடாது. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பெட்டர்.காம் தலைவர் ஏறத்தாழ 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் வெளியேற்றியது உலகமெங்கும் கண்டிக்கப்பட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு முதலாளி ஊரில் இல்லாமல் போவது அதைவிட மோசம். கூட்டத்தில் அவரே நின்று பேச வேண்டும், கேள்வி தீரும்வரை இருக்க வேண்டும். அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பு நம்முடையது.