கிளட்ச்சை எப்போது மாற்றுவது?



"பழைய வண்டியா? கிளட்ச் செட்டை மொத்தமா மாத்திடு" என்று சொல்வது பல ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாகிவிட்டது. டிப்ளமோ படிக்கிற நாமும் அதையே சொன்னால், வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொண்டது எதற்கு என்று கேட்கிறேன்.

எங்க அப்பா பால் ஊற்றுகிறவர். அவருடைய வண்டி திருவொற்றியூரில் தயாரான 1986ஆம் வருஷத்து 350 புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். போன வருஷம் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இரைச்சல்தான் கூடியது, வேகம் கூடவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த மாத்திரத்தில் செட்டையே மாற்றச் சொன்னார்கள். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். "நீ என்னப்பா சொல்றே?" என்று அப்பா என்னைக் கேட்டார். லீவரைத் தொட்டுப் பார்த்தேன், துளிகூட ஆட்டமில்லை. கேபிள் அவ்வளவு டைட். அப்படி இருந்தால் புஷ்ராடு எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங் பிளேட்டை முழுசாக இறுக்காது. 2, 3 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்தேன். வண்டி ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் திமிர்தான் இந்த வருஷம் மாட்டிவிட்டது. மறுபடி நழுவியது, இந்த முறை ஆட்டம் சரியாகவே இருந்தது. கவரைக் கழற்றினேன். பிளேட் பார்க்கத் தடிமனாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. இரும்பு பிளேட் நீலம் பாரித்திருந்தது. சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தால் அடியில் ஃபீலர் கேஜ் நுழைந்தது. சூட்டில் வளைந்திருக்கிறது. ஸ்பிரிங்குகளைப் புதுசோடு நிறுத்திப் பார்த்தால் எல்லாமே குட்டை. இவை மாற்றவேண்டியவை, சந்தேகமே இல்லை. மாற்றினேன். டிரம்மில்தான் கஞ்சத்தனம் செய்தேன். பிளேட்டின் காது இடித்து இடித்துக் காடியில் பள்ளம் விழுந்திருந்தது. லேசான பள்ளமென்றால் அரம் போடலாம். இது நகம் இறங்குகிற பள்ளம். "காசு மிச்சம்பா" என்று அரத்தால் ஒப்பேற்றி மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் ரயில்வே கேட்டில் அப்பா கிளட்ச்சைப் பிடித்தும் வண்டி இழுத்துக்கொண்டே போனது. பள்ளத்தில் காது மாட்டி, பிளேட் விலகவில்லை. நியூட்ரலும் விழவில்லை. முன்னால் நின்ற லாரியில் முட்டிச் சாய்ந்தது. இரண்டு கேன் பாலும் ரோட்டில். அப்பாவுக்கு முழங்காலில் ஏழு தையல். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செட்டை மாற்றச் சொன்ன மெக்கானிக்கை ஊரெல்லாம் கேலி பேசினவன் நான். அவராவது பார்க்காமல் சொன்னார். நான் கண்ணால் பார்த்துவிட்டு மறைத்தேன்.

அந்த டிரம்மை நம்ம ஆட்டோ ஒர்க்‌ஷாப் மேஜையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஜூனியர் தம்பிகள் காடியில் நகத்தை வைத்துப் பார்க்கலாம்.